வெசூலில் பிறந்த தொட்டி

திருச்சி பொன்மலைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறை எந்த மூலை, அடுப்பு எந்தத் திசை என்று மேஸ்திரியோடு மணிக்கணக்கில் பேசுவார்கள். செப்டிக் டேங்க் என்று வரும்போது மட்டும் "கார் நிக்கிற இடத்துக்கு அடியில போட்டுடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேலே டைல்ஸ் ஒட்டியதும் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். இந்த வகைத் தொட்டியை முதலில் கட்டியவரும் பன்னிரண்டு வருடம் அதைத் திறக்கவில்லை.

அவர் பெயர் ழான் லூயி மூரா. பிரான்சின் கிழக்கே வெசூல் என்ற சிற்றூரில், 1860 வாக்கில் கழிவுக்காக ஒரு தொட்டி கட்டினார். அன்றைய மலக்குழி வெறும் குழிதான். நிறைந்ததும் ஆள் வைத்து அள்ள வேண்டும். மூரா அதில் சிறிய மாற்றம் ஒன்றைச் செய்தார். கழிவு வரும் குழாய், நீர் வெளியேறும் குழாய் இரண்டின் வாயையும் தொட்டி நீருக்குள் மூழ்கும்படி இறக்கிவைத்து, மேலே காற்றுப் புகாமல் மூடினார். பன்னிரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது, கசடு மலைபோல் கிடக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலும் நீர்தான் இருந்தது. மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தது.

மூரா விஞ்ஞானி அல்ல. மொய்ன்யோ என்ற பாதிரியார் அறிவியல் இதழ் நடத்திவந்தார். அவர்தான் இதன் அருமையை உணர்ந்தவர். பக்கங்களைக் கண்ணாடியால் அமைத்த தொட்டி ஒன்றில் கழிவைப் போட்டு, திடப்பொருள் நாளுக்கு நாள் கரைவதைக் கண்ணால் பார்த்தார்கள். 1881இல் மூரா காப்புரிமை பெற்றார். ஆள் தேவைப்படாமல் தானே துப்புரவு செய்யும் கருவி கிடைத்துவிட்டது என்று மொய்ன்யோவின் இதழ் கொண்டாடியது.

மலம் அள்ளும் வேலையிலிருந்து மனிதனை விடுவிக்கும் கருவி என்றுதான் இதை உருவாக்கியவர்கள் நம்பினார்கள். இந்த நாட்டில் அதே தொட்டிக்குள் இறங்கி எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

உள்ளே நடப்பது சிக்கலான காரியமல்ல. கனமானது அடியில் கசடாகத் தங்குகிறது, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன, நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று கரைக்கின்றன. அப்போது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்புகின்றன. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895இல் நகரின் ஒரு பகுதிக்கே பெரிய தொட்டி கட்டினார். அதிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு அங்கேயே விளக்கு எரித்துக் காட்டினார்கள். 'செப்டிக் டேங்க்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

ஆனால் கசடு முழுவதும் கரைவதில்லை. ஒரு பகுதி தங்கித்தான் தீரும். வெளியேறும் நீரும் தூய்மையானதல்ல, நோய்க்கிருமி அதில் ஏராளம். அந்த நீரை உறிஞ்சு குழி வழியே மண்ணுக்குள் மெல்ல இறக்கி வடிகட்டினால்தான் வேலை முடியும். தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதிப் பாதி மண்ணுடையது. நம் ஊரில் காணாமல் போனது இந்த இரண்டாம் பாதி.

திருச்சியில் மண் இடத்துக்கு இடம் மாறும். பொன்மலைப் பக்கம் தோண்டினால் சீக்கிரமே பாறை தட்டும். உறிஞ்சு குழியில் இறங்கிய நீர் போக வழியில்லாமல் நிற்கும். அதனால்தான் வெளியேறும் குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நேர்மாறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆற்று மணல். விட்ட நீர் நொடியில் இறங்கிவிடும், நிலத்தடி நீரும் மேலேயே இருக்கும். மூன்று நான்கு உறைகளை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் விட்டு, அதையும் செப்டிக் டேங்க் என்கிறார்கள். அது வருடக்கணக்கில் நிறையாவிட்டால் வீட்டுக்காரருக்குப் பெருமை. நிறையாத தொட்டி ஒழுகுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஒழுகுவது பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குத்தான்.

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவு நீரை மண்ணில் இறக்கும் இடத்துக்கும் இடையே 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூலைக்கு மூலை நாடா பிடித்தாலே 50 அடிதான். அப்படியானால் சின்ன மனைகள் நெருங்கிய தெருவில் வீட்டுக்கொரு போர்வெல்லும் வீட்டுக்கொரு உறிஞ்சு குழியும் சேர்ந்து இருக்கவே முடியாது. பாதாளச் சாக்கடை வந்தவுடன் இணைப்பு வாங்கிவிடுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

இணைப்பு வரும்வரை தொட்டியைப் பராமரிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். கழிப்பறை பின்வாங்கும் நாள்வரை காத்திருந்தால், அதற்குள் கசடு வெளிக்குழாயில் ஏறி உறிஞ்சு குழியையும் அடைத்திருக்கும். எடுக்கும்போது அடியில் சிறிதளவு கசடை விட்டுவைப்பது நல்லது, நுண்ணுயிர்கள் அதிலிருந்து மறுபடி பெருகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அளவில்லாமல் கொட்டினால் அவை செத்துவிடும். சமையல் எண்ணெய், நாப்கின், டயப்பர் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஈஸ்ட், வெல்லம், கடையில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை; மலத்திலேயே வேண்டிய நுண்ணுயிர் இருக்கிறது. மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால், இந்த வருடமே அதைப் பெயர்த்து, திறக்கும்படி மூடி போடுங்கள்.

எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அடர்ந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றமில்லை என்று இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதைத்தான் செய்தித்தாளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

லாரி உறிஞ்சிய கசடு எங்கே போகிறது என்பதையும் வீட்டுக்காரர் கேட்க வேண்டும். பல ஊர்களில் அது ஏரியிலும் வயலிலும் கொட்டப்பட்டது. தமிழக அரசு 2014இல் கழிவுக் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்பின் இதற்கெனத் தொடங்கிய திட்டத்தில் முதலில் எடுத்த ஊர்களில் திருச்சியும் ஒன்று. மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையங்களில் லாரிகள் கட்டணம் செலுத்திக் கசடை இறக்குகின்றன. அங்கிருந்து அது பாதாளச் சாக்கடை வழியே பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லாரிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்முன், உரிமம் இருக்கிறதா, எந்த நீரேற்று நிலையத்தில் இறக்கப்போகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.