ஆயக்காலும் மோனோபாடும்: குண்டலுபேட்டைக் காடுகளின் ஒளிப்பட வரலாற்றில் ஓர் ஒற்றைக் கால்

காட்டுயிர் ஒளிப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும்போது, யார் எடுத்தார், எந்த ஆண்டு, எந்த விலங்கு, எந்தக் காடு என்றெல்லாம் குறித்துக்கொள்கிறோம். அந்தக் கணத்தில் கேமரா எதன்மீது ஊன்றியிருந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. லென்ஸின் உயரம், பார்வையின் கோணம், விலங்கின் கூர்மை, அது கேமராவைக் கண்டு மிரண்டதா இல்லையா என்பதெல்லாம் பெருமளவு அந்த ஒன்றைச் சார்ந்தவை. கேமரா தாங்கியின் வரலாறு, ஒளிப்படக்காரர் காட்டில் எங்கே நிற்க அனுமதிக்கப்பட்டார் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. குண்டலுபேட்டையைச் சுற்றியுள்ள காடுகளை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

குண்டலுபேட்டை முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டுக்குச் செல்லும் சாலையும் முதுமலை வழியாக உதகைக்குச் செல்லும் சாலையும் பிரிகின்ற ஊர். இரண்டு சாலைகளும் ஊரைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைகின்றன. மைசூர் மன்னராட்சியில் 1931இல் இங்கே ஏறத்தாழ 90 சதுர கி.மீ. பரப்பு காட்டுயிர்ப் புகலிடமாக ஒதுக்கப்பட்டது. 1941இல் அது வேணுகோபாலா காட்டுயிர்ப் பூங்காவாக விரிந்தது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்று. நம் கதையில் 1973தான் முக்கியமான திருப்பம். அதற்கு முன் சொல்லைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும்.

தமிழில் முக்காலி உண்டு, நாற்காலி உண்டு, ‘ஒருகாலி’ இல்லை. தானாக நிற்காத பொருளுக்கு அப்படி ஒரு பெயர் தேவைப்படவில்லை போலும். ஒற்றைக்காலில் நிற்பது நம் வழக்கில் ஒன்று தவம், இல்லையேல் பிடிவாதம். கடைக்காரரும் ஒளிப்படக்காரரும் ‘மோனோபாட்’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஆயினும் அதே வேலையைச் செய்த பழைய கருவிக்குத் தமிழில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது: ஆயக்கால். பல்லக்கைச் சுமந்து செல்வோர் இடையில் நிற்கும்போது, தண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தாங்கவைக்கும் கோல். ஆயக்கால் தனியே நிற்காது; ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சுமை ஆளின் தோளில் இராது. மோனோபாடின் இலக்கணமும் இதுவே. முக்காலியைப் போல ஆளின் வேலையை முழுவதும் அது எடுத்துக்கொள்வதில்லை. எடையைத் தான் வாங்கிக்கொண்டு, சமநிலையை ஆளிடம் விட்டுவிடுகிறது. மஸ்கட் துப்பாக்கியை நிறுத்திச் சுட ஐரோப்பியப் படைவீரர் வைத்திருந்த கவைக்கோலும் இந்த இனமே.

பெரிய கேமராக்களின் காலத்தில் முக்காலியே அரசு செலுத்தியது. கண்ணாடித் தகடுகளின் ஒளியுணர்வு குறைவு, கேமரா கனம், ஆகவே அசையாத நிலைப்பாடு வேண்டியிருந்தது. விலங்கு கேமராவிடம் வரவேண்டும். கேமரா விலங்கிடம் போகாது. மைசூரின் கெட்டா இதற்குப் பொருந்திய நிகழ்ச்சி. யானைக் கூட்டத்தை எங்கே, எப்போது வளைப்பது என்பதை மனிதர்களே தீர்மானித்தார்கள். பார்வையாளர் மேடையும் முன்கூட்டியே கட்டப்பட்டது. காக்கனகோட்டையில் கடைசிக் கெட்டா நடந்தது 1971இல். ராபர்ட் ஃபிளாகர்ட்டியும் ஜோல்டன் கோர்டாவும் இயக்கி 1937இல் வெளிவந்த ‘எலிஃபண்ட் பாய்’ படத்துக்காகப் படக்குழு மைசூர் நாட்டுக்கு வந்ததும் இந்த ஏற்பாடுகள் நடப்பில் இருந்த காலத்தில்தான். அதில் நடித்த சாபு, கபினிக் கரையிலுள்ள காராபுரத்தைச் சேர்ந்த சிறுவன்.

முக்காலியின் ஆட்சியை முதலில் உடைத்தது யானையின் முதுகு. வடக்கே எஃப். டபிள்யூ. சாம்பியன், 1927இல் வெளியான தம் நூலுக்கான படங்களைப் பழக்கிய யானை மீதிருந்தும், புலியே கம்பியை மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் பொறியமைத்தும் எடுத்தார். தெற்கே இந்த முறையைக் கலையாகவும் அறிவியலாகவும் வளர்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்; ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை குறித்த பத்தியைத் தொடர்ந்தவர். ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கையில் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். முதுமலை அவருக்கு இரண்டாவது வீடு போன்றது. முதுமலையும் பந்திப்பூரும் ஒரே காடு. மாநில எல்லை மோயாற்றில் ஓடுகிறது, விலங்குகளுக்கு அது தெரியாது.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். அவருடைய கேமரா ஒரு தொழிற்சாலையில் பிறந்ததன்று. உடல் ஒரு நிறுவனத்தினுடையது, லென்ஸ் இன்னொன்றினுடையது என்று தாமே கூட்டிச் சேர்த்தது. அதன் கனத்தைக் கேலிசெய்வதுபோல ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். நீலகிரியில் வாழ்ந்த இயற்கையியலாளர் இ. ஆர். சி. டேவிதார் அந்தக் கருவியைக் கண்டபிறகு அவர்மீது மதிப்பு இன்னும் கூடியதாக எழுதியிருக்கிறார். இந்தப் பாரத்தைச் சுமந்து நடந்தும், யானை மீதமர்ந்தும் படமெடுத்தார்.

யானை முதுகைத் தாங்கியாக எண்ணிப் பாருங்கள். நின்றாலும் அது அசைவற்று நிற்பதில்லை: மூச்சு விடும், காது விசிறும், எடையை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். அங்கே மூன்று காலுக்கும் வேலையில்லை, ஒரு காலுக்கும் வேலையில்லை. ஆளின் இடுப்பும் முழங்கையுமே அதிர்வை வாங்க வேண்டும். பதிலுக்கு அது இரண்டு நன்மைகளைத் தருகிறது. யானைமேல் இருக்கும் மனிதரைப் பல விலங்குகள் மனிதராகவே கணக்கில் கொள்வதில்லை. ஆதலால் காட்டெருதும் கடமானும் மிரளாமல் தம் போக்கில் இருக்கும். இரண்டாவது, உயர்ந்த பார்வை. புல்லுக்கு மேலிருந்து பார்ப்பதால் கூட்டத்தின் அமைப்பு தெரியும். ஆனால் தனி விலங்கின் உயரம் குறைந்து தெரியும். அக்காலப் படங்களிலிருந்து உடலளவை ஊகிக்க முற்படும் மாணவர் இதை மறந்தால் கணக்கு பிழைக்கும்.

இனி 1973க்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, புகலிடத்துக்குள் நுழைய எவ்வெக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. ஆய்வுக்கும் சுற்றுலாவுக்கும் இணையாக ஒளிப்படம் எடுப்பதும் அதில் தனியே இடம்பெற்றது. 2022இல் வந்த திருத்தம், வாழிடத்துக்கு மாற்றமோ கேடோ விளைவிக்காத ஒளிப்படமும் திரைப்படப்பிடிப்பும் என்று அதை விரித்தும் வரையறுத்தும் எழுதியது. நடைமுறையில் பந்திப்பூருக்கு வரும் பார்வையாளர் வனத்துறையின் பேருந்திலோ ஜீப்பிலோதான் காட்டுக்குள் செல்லலாம், இறங்கக் கூடாது. இது சரியான விதி என்பதே என் கருத்து. ஒளிப்பட வரலாற்றில் இதன் விளைவு பெரிது: ஒளிப்படக்காரரின் கால் மண்ணைவிட்டு எழும்பிவிட்டது. காட்டில் நடந்து, மண்ணில் ஊன்றி எடுத்த தலைமுறை முடிந்து, தகரத் தளத்தில் அமர்ந்து எடுக்கும் தலைமுறை தொடங்கியது. ஆறு பேர் நெருங்கி அமரும் வண்டியில் முக்காலியை விரிக்க இடமில்லை. மோனோபாடுக்கு இந்தக் காட்டில் இடம் பிறந்தது இப்படித்தான்.

களப்பணிக்கு ஒன்று வாங்க எண்ணும் மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்து எடுக்கும்போது 600 மி.மீ. லென்ஸுக்கு 1/600 நொடியாவது வேண்டும் என்பது பழைய விதி. பழகிய கையில் மோனோபாட் இரண்டு ஸ்டாப் அளவுக்கு உதவும். அதாவது 1/150 நொடியிலும் கூர்மை கிடைக்கலாம். விடியற்காலைக் காட்டில் இது பெரிய லாபம். ஆனால் நம் கையின் நடுக்கத்தைத்தான் அது குறைக்கும். ஓடும் மானை நிறுத்தாது. மேலும் அது மேல்கீழ் அசைவை நன்கு அடக்குமேயன்றி, பக்கவாட்டு ஆட்டத்தையும் சாய்வையும் ஓரளவே அடக்கும். அதனால்தான் தரையில் நிற்கும்போது கோலைச் சற்று முன்னே ஊன்றி, இரு கால்களை அகட்டி, அதன்மேல் சாயச் சொல்கிறார்கள். கோல் ஒன்று, கால் இரண்டு, முக்காலி முழுமையாகிவிடுகிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல இருமடங்கு தாங்கும் என்று குறிக்கப்பட்டதை எடுப்பது நல்லது. மடிப்புகள் கூடினால் பையில் அடங்கும், ஆனால் அடிக்குழல் மெலிந்து துவளும். முழுவதும் நீட்டினால் கேமராவின் கண் உங்கள் கண்ணுக்கு வரவேண்டும். கார்பன் இழைக் கோல் எடை குறைந்தது, அதிர்வை விரைவில் அடக்கும். அலுமினியம் விலை மலிவு, அடிபட்டாலும் பிழைக்கும். நீண்ட லென்ஸ்களுக்கு அவற்றின் கழுத்திலேயே பட்டை உண்டு. கேமராவை விட்டுவிட்டு அந்தப் பட்டையைக் கோலில் பூட்ட வேண்டும். பந்துத் தலை வேண்டாம்; தளர்த்தியதும் எல்லாப் பக்கமும் சரியும். முன்பின் மட்டும் சாயும் எளிய தலை போதும்.

வண்டியில் வேறு சிக்கல். கோலை நீட்ட இடமில்லை. குறுக்கி, இரு தொடைகளுக்கு இடையே நிறுத்த வேண்டும். அடியை நேரே தகரத் தளத்தில் ஊன்றினால் எஞ்சினின் அதிர்வும் அடுத்தவர் அசைவும் குழல் வழியே ஏறி லென்ஸை அடையும். இருக்கையின் மெத்தைமீதோ தம் காலணிமீதோ ஊன்றுவது பழகியவர் வழக்கம். எஞ்சினை அணைக்கும்வரை காத்திருப்பதே எல்லாவற்றிலும் நல்லது. விலங்கு வண்டியின் ஓரத்தில் நின்றால் மோனோபாட் பயன்படாது. கம்பிமேல் ராகியோ கடுகோ நிரப்பிய துணிப்பையை இட்டு எடுப்பதே மேல். 1995இல் கேனான் நிறுவனம் அதிர்வுத் தடுப்பு லென்ஸைக் கொண்டுவந்தபின் தாங்கிகளின் காலம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் எடை 5 கிலோவுக்கு மேலிருந்து இன்று ஏறத்தாழ 3 கிலோவாகக் குறைந்திருக்கிறது. மூன்று மணி நேரம் ஏந்த அதுவும் கனமே. தோளுக்கு ஆயக்கால் இன்னும் வேண்டியிருக்கிறது.

காணொளிக்கு வேறு வகை. அடியில் மூன்று சிறு பாதங்களும், மெல்லச் சுழலும் மூட்டும் கொண்ட மோனோபாட்கள் கிடைக்கின்றன. நேர்காணலின்போது கேமராவை மெதுவாகத் திருப்ப இவை உதவும். பாதங்கள் இருக்கின்றன என்று நம்பிக் கையை விட்டால் விழும். காட்டைவிட இவை பயன்படுவது ஊருக்குள்: குண்டலுபேட்டையின் செண்டுமல்லி, சூரியகாந்தி வயல்களில். பூக்காலத்தில் கேரளத்திலிருந்தும் மைசூரிலிருந்தும் குடும்பங்கள் படமெடுக்க வருகின்றன. வரப்பில் நிற்கக் கட்டணம் வாங்கும் உழவர்களும் உண்டு. இங்கே கோல் மண்ணைத் தொடுகிறது. மூன்று கால் விரித்தால் செடி மிதிபடும். ஒரு கால் வரப்பில் அடங்கும். தனியார் வண்டிகள் அனுமதிக்கப்படாத கோபாலசுவாமி மலைக்கு அரசுப் பேருந்தில் ஏறுவோருக்கும் இதுவே வசதி.

இதற்கிடையே காட்டுக்குள் மண்ணில் ஊன்றிய ஒற்றைக்கால் ஒன்று திரும்பி வந்துவிட்டது. அண்டையிலுள்ள நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் 1990களில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளின் வரிகளைக் கொண்டு தனித்தனியாக அடையாளம் கண்டு, எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை நிறுவினார். பாதையின் இருபுறமும் மரத்திலோ நட்ட குச்சியிலோ கேமரா, ஏறத்தாழ முழங்கால் உயரத்தில். சாம்பியனின் கம்பிப் பொறியின் வழித்தோன்றல் இது. கோல் இருக்கிறது, ஆள் இல்லை. யானைமேலிருந்து கிருஷ்ணன் கண்ட உயரம், ஜீப்பிலிருந்து பயணி காணும் உயரம், மரத்தில் கட்டிய கேமராவின் உயரம் ஆகிய மூன்றும் ஒரே காட்டின் மூன்று வேறு ஆவணங்கள். அவற்றை ஒரே வரிசையில் அடுக்கி ஒப்பிடுவது முறையாகாது.

இன்றைய மின்னணுப் படக்கோப்பு, திறப்பின் நேரம், குவியத் தொலைவு, நாள், சிலவற்றில் இடம்வரை தானே பதிந்துகொள்கிறது. தாங்கியைப் பதிவதில்லை. ஆகவே காட்டுயிர்ப் படங்களைச் சேகரிக்கும் ஆய்வு மாணவர்கள் தம் அட்டவணையில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ‘மோனோபாட், ஜீப்பின் இருக்கைமீது, தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர், எஞ்சின் அணைக்கப்பட்டது’ என்ற அளவில் இருந்தால் போதும்.