சீலியாக் நோய்: இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

ஒரு குழந்தைக்கு சீலியாக் நோய் இருப்பதாக முடிவு செய்ய, அதன் சிறுகுடலிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்துப் பரிசோதித்தே ஆகவேண்டும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகின் விதியாக இருந்தது. பயாப்ஸி எனப்படும் இந்தப் பரிசோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையில்லை என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2020இல் அந்த விதி மேலும் தளர்த்தப்பட்டது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உண்ணும்போது, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்குவதுதான் இந்நோய். சத்துக்களை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், இரத்தசோகை, வளர்ச்சி குன்றுதல் ஆகியன இதன் அறிகுறிகள். சில குழந்தைகளிடம் வெளிப்படையான அறிகுறி எதுவுமே இருப்பதில்லை. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே வழி. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை எண்ணினால், இந்தத் தீர்ப்பை ஐயத்துக்கு இடமின்றி வழங்கவேண்டிய அவசியம் புரியும்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ தமது 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவினார். வாய்வழியாகக் கருவியைச் செலுத்திக் குடல் திசுவை எடுக்கும் முறை அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. 1969இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகரில் கூடிய ஐரோப்பிய வல்லுநர்கள், ஒரே குழந்தைக்கு மூன்று முறை பயாப்ஸி வேண்டும் என்றனர்: நோய் சந்தேகிக்கப்படும்போது ஒன்று, உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின் ஒன்று, மீண்டும் குளூட்டன் கொடுத்துப் பார்த்தபின் இன்னொன்று. 1990இல் இது பெரும்பாலும் ஒரு முறையாகக் குறைக்கப்பட்டது.

நிலைமையை மாற்றியது 1997இல் ஜெர்மனியில் நடந்த கண்டுபிடிப்பு. நோயாளியின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைக் குறிவைக்கின்றன என்பது அப்போது தெரியவந்தது. அந்த எதிர்ப்பொருளை எளிய இரத்தப் பரிசோதனையில் அளக்க முடிந்தது.

இன்றைய ஐரோப்பிய விதிப்படி, அந்த அளவு இயல்பான உச்ச வரம்பைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுக்கப்பட்ட இரண்டாவது இரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் காணப்பட்டால், பெற்றோரின் இசைவோடு பயாப்ஸியைத் தவிர்க்கலாம். 21 நாடுகளில் 707 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஏதேனும் ஓர் அறிகுறியோடு இத்தகைய முடிவுகளும் வந்தவர்களில் 100க்கு 99 பேருக்கும் மேலானோருக்கு நோய் உறுதியானது. நீண்டகாலம் பயாப்ஸியை வலியுறுத்திவந்த அமெரிக்க வல்லுநர்களும், குழந்தைகளுக்கு இம்முறை ஏற்கத்தக்கதே என்று 2023இல் கூறினர்.

இது பயாப்ஸியின் முடிவு அல்ல. அளவு கூடியிருந்தும் பத்து மடங்கை எட்டாத குழந்தைகளுக்கு அது இன்றும் தேவை. மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பி மூலம் குறைந்தது ஐந்து துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. குடலின் சிதைவு திட்டுத் திட்டாக இருக்கக்கூடும் என்பதே ஒன்று போதாமைக்குக் காரணம். துணுக்கு சரியாக வெட்டப்படாவிட்டால் நுண்ணோக்கியும் ஏமாற்றும்.

இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு பொறி உண்டு. அது அளப்பது ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை. சீலியாக் நோயாளிகளில் 100க்கு இரண்டு மூன்று பேரின் உடலில் அந்த வகையே போதிய அளவில் உருவாவதில்லை. மொத்த ஐஜிஏ அளவைப் பார்க்காமல் 'நோய் இல்லை' என்று அனுப்பிவிட்டால் அக்குழந்தை தப்பவிடப்படுகிறது.

ஆனால் மிக அதிகமாக நேரும் தவறு வீட்டில்தான் நிகழ்கிறது. சந்தேகம் வந்தவுடனே பெற்றோர் கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்ப்பொருள்கள் குறைகின்றன, குடல் ஆறத் தொடங்குகிறது, இரண்டு பரிசோதனைகளும் பொருளற்றுப் போகின்றன. பிறகு உண்மையை அறிய, தேறிவரும் குழந்தைக்கு மீண்டும் வாரக்கணக்கில் குளூட்டன் கொடுக்கவேண்டும். சோதனைகள் முடியும்வரை வழக்கமான உணவை மாற்றக்கூடாது என்பதை மருத்துவர்கள் முதல் சந்திப்பிலேயே அழுத்திச் சொல்லவேண்டும்.

'இது வெள்ளையர்களின் நோய்' என்று நம்மவர்களிடையே நிலவும் எண்ணமும் ஆய்வுக்குரியது. இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், வடக்கே 100க்கு 1.23 பேருக்கு இருந்த சீலியாக் எதிர்ப்பொருள்கள், தெற்கே 0.10 பேருக்கே காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் இரு பகுதிகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு: வடக்கே நாளொன்றுக்கு சுமார் 455 கிராம், தெற்கே 25 கிராம். டொரன்டோவிலும் லண்டனிலும் பாணும் பாஸ்டாவும் உண்டு வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு, சோறு உண்ட தாத்தா பாட்டியின் கணக்கு பொருந்தும் என்று கருத இயலாது.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அந்த மரபணுக்கள் இல்லாதவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிக மிக அரிது என்பதால், அவர்கள் அடுத்தடுத்த பரிசோதனைகளிலிருந்து விடுபடலாம்.