கென்னத் மக்கென்சி, சீஃபோர்த் பிரபு

கென்னத் மக்கென்சி (1744 - ஆகஸ்ட் 1781) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரபு, அரசியல்வாதி, படை அதிகாரி ஆவார். பிரித்தானியத் தரைப்படையின் 78ஆவது ஹைலாண்டர் படைப்பிரிவை 1778 இல் திரட்டியவர் என்ற வகையிலேயே பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவரது பாட்டனார் 1715 ஆம் ஆண்டின் யக்கோபியக் கிளர்ச்சியில் சேர்ந்தமையால் குடும்பம் பட்டத்தையும் நிலங்களையும் இழந்தது. நிலங்கள் பின்னர் திரும்பக் கிடைத்தன. சீஃபோர்த் பட்டம் 1771 இல் கென்னத்துக்கு வழங்கப்பட்டது. எனினும் அது பழைய ஸ்காட்லாந்துப் பட்டமன்று, புதிய அயர்லாந்துப் பட்டமே. அத்தகைய பட்டம் மக்களவையில் அமரத் தடையன்று. 1768 முதல் 1774 வரை இவர் கெய்த்னஸ் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். கடன் சுமையால் 1779 இல் தம் நிலங்களை உறவினர் ஒருவருக்கு விற்றார்.

படைப்பிரிவும் கலகமும்

படைவீரருள் பலர் இவரது நிலங்களில் வாழ்ந்த குடிகள். மக்ரே குலத்தவர் மிகுதி. சம்பள நிலுவை ஒருபுறமிருக்க, தாம் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்கப்பட்டுவிட்டதாகப் பரவிய வதந்தியை நம்பி, செப்டம்பர் 1778 இல் லீத் துறைமுகத்தில் கப்பலேற மறுத்தனர். எடின்பரோவின் ஆர்தர் சீட் குன்றில் சில நாட்கள் தங்கினர். பொதுமன்னிப்பு, நிலுவைச் சம்பளம், இந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்ற உறுதி ஆகியவற்றைப் பெற்ற பின்னரே இறங்கினர். சீஃபோர்த்தே முன்னின்று அவர்களை லீத்துக்கு அழைத்துச் சென்றார்.

அவ்வுறுதி நிலைக்கவில்லை. ஐதர் அலியுடன் போர் மூண்டிருந்த நிலையில், 1781 இல் படைப்பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. உடன் சென்ற சீஃபோர்த் செயிண்ட் எலனாத் தீவை அடையுமுன் கடலில் இறந்தார். ஏப்ரல் 1782 இல் சென்னையை அடைவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தனர். ஸ்கர்வி நோயே முதன்மைக் காரணம். எஞ்சியோர் 1783 இல் கடலூர் முற்றுகையில் போரிட்டனர்.