நீர்ப்பிடிப்பு, கடல் பாதுகாப்பில் காட்சிப்படுத்தும் மென்பொருள்

மலையில் பெய்யும் மழை எந்த ஓடையில் வந்து சேர்கிறது, நடுக்கடலில் எந்தக் கப்பல் எங்கே வலை வீசுகிறது என்பவற்றைச் செயற்கைக்கோள் படம், ஆழ அளவீடு, கப்பல் சமிக்ஞை ஆகியவற்றிலிருந்து எடுத்துத் திரையில் வரைபடமாகவும் அசையும் காட்சியாகவும் தரும் கணினி நிரல்கள் இப்போது சூழல் பாதுகாப்பின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. இவற்றின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2005இல் கூகுள் எர்த் வெளிவந்ததில் தொடங்குவார்கள். கண்கவர் படங்கள் மக்கள் மனத்தை மாற்றின என்று முடிப்பார்கள். தொடக்கமும் சரியில்லை, முடிவும் பாதிதான் சரி. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், படம் ஆள் சேர்த்துக் கொடுத்தது. காட்டையும் கடலையும் காத்தது படத்துக்கு அடியில் கிடந்த அளவும், அந்த அளவைச் சான்றாக ஏற்று உத்தரவு போடக்கூடிய ஓர் அரசும்தான். இந்த இரண்டில் ஒன்று குறைந்த இடங்களில் எவ்வளவு நேர்த்தியான காட்சியும் வேடிக்கையாகவே நின்றுபோயிருக்கிறது.

கணினிக்கு முன்பு இதே வேலை சிமென்ட்டிலும் தண்ணீரிலும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் குறுக்கே பெரிய தடுப்பணைகள் எழுப்பி நன்னீர் ஏரிகள் ஆக்கலாம் என்று ஜான் ரீபர் என்ற நாடகத் தயாரிப்பாளர் 1940களில் ஒரு திட்டத்தைப் பரப்பினார். அதற்கு அரசியல் ஆதரவும் சேர்ந்தது. அதைச் சோதிக்க அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு 1957இல் சாசலிட்டோ என்ற ஊரில் ஒன்றரை ஏக்கர் பரப்பில் வளைகுடாவின் மாதிரியைக் கட்டியது. நீள அகலம் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆழம் நூற்றில் ஒரு பங்கு. ஒரு முழு நாளின் ஓதம் அதில் சுமார் கால் மணி நேரத்தில் ஏறி வடிந்துவிடும். ரீபரின் அணைகள் நடைமுறைக்கு உதவாதவை என்று அந்தத் தொட்டி காட்டிக்கொடுத்தது, திட்டம் கைவிடப்பட்டது. அதே 1957இல் மேரி தார்ப்பும் ப்ரூஸ் ஹீசனும் வட அட்லாண்டிக் கடலடியின் படத்தை வெளியிட்டார்கள். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற விடப்படாத தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ எண்களை மேசையில் வைத்து மலைத்தொடராகவும் பள்ளத்தாக்காகவும் வரைந்தார். அளவு கிடைக்காத இடங்களை அனுமானத்தால் நிரப்பினார். தெரிந்ததும் ஊகித்ததும் ஒரே கோட்டில் கலந்துவிடும் இந்தச் சிக்கல் பின்னால் வந்த மென்பொருள்களையும் விடவில்லை.

கூகுள் எர்த், கீஹோல் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய மென்பொருள். 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டு இலவசமாக வெளியிட்டது. அதே 2005இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் லாஸ் காட்டோஸ் ஓடையின் நீர்ப்பிடிப்பில், ஆயிரம் ஏக்கர் அளவுள்ள ரெட்வுட் காட்டில் மரம் வெட்ட ஒரு குடிநீர் நிறுவனம் அனுமதி கேட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்கு வந்த அறிவிப்பில் இருந்த கருப்பு வெள்ளை வரைபடம் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அங்கே குடியிருந்த கூகுள் பொறியாளர் ரெபெக்கா மூர் அந்த எல்லைகளைக் கூகுள் எர்த்தில் ஏற்றி, பள்ளத்தாக்கின் மேலே பறந்து பார்ப்பதுபோல ஒரு காட்சியைச் செய்தார். வெட்டும் பகுதி வீடுகளுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு அருகில் வருகிறது என்பது கூட்டத்தில் இருந்த அனைவருக்கும் சில நிமிடங்களில் புரிந்தது. எதிர்ப்பு திரண்டது, பத்திரிகைகள் வந்தன, அரசியல்வாதிகள் வந்தார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இத்துடன் நின்றுவிடும். ஆனால் மாநில வனத்துறை 2007இல் விண்ணப்பத்தை மறுத்ததற்குக் காரணம் வேறு. அந்த நிறுவனம் கேட்ட வகை அனுமதி, 2,500 ஏக்கருக்கு மேல் மரக்காடு வைத்திருக்காத உரிமையாளர்களுக்கு மட்டுமே உரியது. நிறுவனத்தின் காடு அந்த வரம்பைத் தாண்டுகிறது என்பதை எதிர்ப்பாளர்கள் வரைபடத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டு மெய்ப்பித்தார்கள். பறந்து காட்டிய படத்தைப் பார்த்து ஊர் கூடியது. வனத்துறையை அசைத்தது ஏக்கர்க் கணக்கு. படம் இல்லாவிட்டால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு ஊருக்கு அக்கறை வந்திருக்குமா என்று கேட்கலாம். வந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஆகவே படத்தைத் தள்ளிவிடவும் முடியாது. அதே 2007இல் தொண்டு நிறுவனங்களுக்கு இந்தக் கருவியைப் பழக்கித் தரும் திட்டம் ஒன்றைக் கூகுள் மூரின் தலைமையில் தொடங்கியது.

நிலம் இப்படி முன்னேறியபோது கூகுள் எர்த்தில் கடல் வெறும் நீலப் பூச்சாகவே இருந்தது. 2006இல் மாட்ரிட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் கடலியலாளர் சில்வியா எர்ல் இதை நேருக்கு நேர் குத்திக்காட்டினார். 2009 பிப்ரவரியில் வந்த பதிப்பில் கடலடித் தரையும் இடம்பெற்றது. வந்த மாதமே அது வம்பிலும் மாட்டியது. கேனரித் தீவுகளுக்கு அப்பால் கட்டம் போட்ட நகரம்போல் நேர்கோடுகள் தெரிய, மூழ்கிப்போன அட்லாண்டிஸ் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. அவை ஒலிமானியுடன் கப்பல்கள் சென்ற தடங்கள். அந்தத் தடங்களில் அளவு துல்லியமாகவும், இடையில் செயற்கைக்கோள் உயரமானி தந்த தோராய மதிப்பாகவும் இருந்ததால் கோடுகள் துருத்திக்கொண்டு நின்றன. 2012இல் இன்னொரு கூத்து: நியூ கலடோனியாவுக்கு அருகே கூகுள் எர்த் காட்டிய சாண்டி தீவைத் தேடிப் போன ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல், அங்கே 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள தண்ணீரைத்தான் கண்டது. திரையில் உள்ள எதையும் மக்கள் அப்படியே நம்பிவிடுவார்கள், பொய்யும் மெய்யும் ஒரே பளபளப்பில் தெரியும் என்பது இந்த மென்பொருள்கள்மேல் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு. அது நியாயமானது. ஆனால் சாண்டி தீவு 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் சொன்ன தகவலிலிருந்து காகித வரைபடங்களில் ஏறி, நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. கணினிப் படம் அந்தப் பழைய பிழையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தது. சரிபார்க்கும் தரவு ஆய்வாளர் கையில் இருந்ததால் தீவும் விரைவில் நீக்கப்பட்டது.

கடலில் அளவும் அதிகாரமும் சேர்ந்த சிறந்த எடுத்துக்காட்டு குளோபல் ஃபிஷிங் வாட்ச். ஸ்கைட்ரூத், ஓசியானா என்ற சூழல் அமைப்புகளும் கூகுளும் 2014இல் அறிவித்து, 2016 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வரைபடம் இது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை ஒலிபரப்பும் தானியங்கி அடையாளக் கருவியின் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் பிடிக்கின்றன. வலை இழுக்கும் கப்பல் போகும் விதமும், தூண்டில் வரிசை விடும் கப்பல் வளைந்து திரும்பும் விதமும் வேறு வேறு என்பதால், நகர்வைப் பார்த்தே மீன்பிடிப்பை இனங்காண முடிகிறது. பசிபிக் நாடான கிரிபாட்டி, 4,08,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஃபீனிக்ஸ் தீவுகள் காப்புக் கடலில் 2015 ஜனவரி 1 முதல் வணிக மீன்பிடிப்பைத் தடைசெய்தது. தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் கப்பல் தடங்கள் அந்த எல்லைக்குள் மறைந்துபோயின. மீறி நுழைந்த மார்ஷல்ஸ் 203 என்ற கப்பலின் உரிமையாளர் 10 லட்சம் டாலரை அபராதமாகவும் அதே அளவு தொகையை மானியமாகவும் செலுத்த நேர்ந்தது. கப்பலின் தடம் அந்த வழக்கில் சான்றாகப் பயன்பட்டது. 2017இல் இந்தோனேசியா தன் அரசாங்கக் கண்காணிப்புத் தரவையே பொதுவில் தந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 2,200 கோடி சமிக்ஞைகளிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட கப்பல்களைப் பின்தொடர்ந்து, உலகக் கடற்பரப்பில் 55 விழுக்காட்டுக்கு மேல் தொழில்முறை மீன்பிடிப்பு நடப்பதாகக் கணக்கிட்டது.

இங்கே இரண்டாவது ஆட்சேபம் வருகிறது: கருவியை அணைத்துவிட்ட கப்பல் படத்தில் வராதே? வராதுதான். 2024 ஜனவரியில் வந்த ஆய்வு, ரேடார் செயற்கைக்கோள் படங்களைச் சமிக்ஞைகளோடு ஒப்பிட்டு, தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்புக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. சர்வதேச விதி இந்தக் கருவியைக் கட்டாயமாக்குவது முக்கியமாக வெளிநாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குத்தான். ராமேசுவரத்து விசைப்படகோ மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் ஃபைபர் படகோ அந்த அளவில் வரமாட்டா. உலக வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பாக் நீரிணை அநேகமாக ஆளில்லாத கடலாகத் தோன்றும். இழுவைமடி கடலடியைச் சுரண்டுவது பற்றி இரு கரைகளுக்கும் இடையே பல ஆண்டுகளாகத் தகராறு நடக்கும் நீர்ப்பரப்பு அது. ஆகவே வெற்றிடத்தை அமைதி என்று படிக்கக் கூடாது. ஆனாலும் இந்தக் குறையை அளந்து சொன்னதே ரேடார் படங்களோடு செய்த ஒப்பீடுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசே மனம் மாறினால் மென்பொருள் என்ன செய்யும் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதான பதில் இல்லை. தடங்கள் அழிந்த அதே ஃபீனிக்ஸ் தீவுக் கடலை, வருமானம் போதவில்லை என்று 2021 நவம்பரில் கிரிபாட்டி அரசு மீண்டும் மீன்பிடிக்குத் திறப்பதாக அறிவித்தது. மென்பொருளால் அதைத் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. நான்காவது ஆட்சேபம் தனியார் பிடி. இணையப் பக்கங்களில் முப்பரிமாண உலகைக் காட்ட உதவிய தன் நிரலிடைமுகத்தைக் கூகுள் 2014இல் கைவிடுவதாக அறிவித்துப் பின் நிறுத்தியபோது, அதை நம்பிக் கட்டப்பட்ட தளங்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இதற்கு மாற்று, காட்டும் நிரலைவிடத் தரவைப் பொதுவில் வைப்பதுதான். 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தொடரின் படம் ஒன்றுக்கு ஒரு காலத்தில் 600 டாலர் வரை விலை. 2008இல் அமெரிக்க அரசு முழுத் தொகுப்பையும் இலவசமாக்கியது. நாளொன்றுக்குப் பத்துக் கணக்கில் விற்ற படங்கள் ஆயிரக் கணக்கில் பதிவிறக்கப்பட்டன. உலக மேற்பரப்பு நீரின் 32 ஆண்டு மாற்றங்களை முப்பது லட்சம் லேண்ட்சாட் படங்களிலிருந்து கணக்கிட்டு, ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்நிலை மறைந்துவிட்டது என்று 2016இல் காட்ட முடிந்தது அந்த ஒரு முடிவினால்தான்.