டெக்சாஸ் விமான நிலையச் சோதனை மசோதா (2011)

அமெரிக்காவில் மாநில அதிகாரமும் கூட்டாட்சி அதிகாரமும் நேருக்கு நேர் மோதிய நிகழ்வு. விமானப் பயணிகளைச் சோதிக்கும் பொறுப்பு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உருவான கூட்டாட்சி அமைப்பான போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துடையது. முழு உடல் ஸ்கேனரை மறுக்கும் பயணிகளின் அந்தரங்கப் பகுதிகள்வரை கையால் தடவிப் பார்க்கும் முறை 2010 இறுதியில் வந்தது. மக்கள் கொதித்தார்கள், அந்தக் கொதிப்பு நியாயமானது.

டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் சிம்ப்சனின் மசோதா, தக்க சந்தேகக் காரணமின்றி அவ்வாறு தொடுவதைக் குற்றமாக்க முனைந்தது. தண்டனை ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். காரணமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 4ஆம் திருத்தமே ஆதரவாளர்களின் பிடிமானம். மசோதாவைக் கீழவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மே 24 அன்று கூட்டாட்சி அரசு வழக்கறிஞரின் கடிதம் வந்தது: கூட்டாட்சி அதிகாரிகளின் பணியை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு உரிமையில்லை, சட்டம் வந்தால், பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாத விமானங்கள் ரத்தாகலாம். கூட்டாட்சிச் சட்டமே மேலானது என்னும் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு அதன் பின்பலம். சட்ட வாதத்தைவிட விமானங்கள் நின்றுவிடும் என்ற அச்சமே மேலவையை அதிகம் அசைத்திருக்க வேண்டும். அன்றிரவே மசோதா திரும்பப் பெறப்பட்டது.

ஆளுநர் ரிக் பெர்ரி சிறப்புக் கூட்டத்தொடரில் அதை மீண்டும் சேர்த்தார். நீர்த்த வடிவில் வந்தும் அது சட்டமாகவில்லை.