தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணித அச்சம்: ஒரு வரலாற்றுப் பார்வை

கணக்குப் போட வேண்டிய வேளையில் மாணவருக்கு ஏற்படும் பதற்றமே கணித அச்சம். இது அறிவுக் குறைவு அன்று. 1957இல் அமெரிக்க உளவியலாளர்கள் டிரெகரும் எய்கனும் இதை 'எண் பதற்றம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். பதற்றம் கவனத்தைப் பிடித்துக்கொள்வதால் தெரிந்த கணக்கும் தவறிப்போகிறது எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

திண்ணைப் பள்ளி முதல் தேர்வு முறை வரை

பெயர் புதிது, அச்சம் பழையது. திண்ணைப் பள்ளிகளில் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய பின்னங்களைப் பிள்ளைகள் எண்சுவடியிலிருந்து ஒருமித்து ஒப்பித்தனர். நிலம், நெல், கூலி ஆகியவற்றின் கணக்கோடு பாடம் இணைந்திருந்தது அதன் வலிமை. தவறினால் பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் கிடைத்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் மாணவர் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் சோதிக்கப்பட்டன. இதனால் பிள்ளையின் பிழை ஆசிரியரின் வருவாயையும் தொட்டது.

மாற்று முயற்சிகள்

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி. கே. சீனிவாசன் கணித மன்றம், கண்காட்சி, விளையாட்டு வழியாகக் கணக்கைக் கற்பித்தார். 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகம் உருவாகவும் அவரே காரணமானார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்றது. தேசியக் கலைத்திட்டம் 2005க்காகச் சென்னைக் கணித அறிஞர் இரா. இராமானுசம் தலைமையிலான குழு, பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையும் முதன்மைச் சிக்கலாகக் குறித்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது.

இன்றைய நிலை

திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் போன்ற விசைத்தறி ஊர்களில், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளை மறுதேர்வு எழுதாமல் தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுவதுண்டு. அங்கே அதே பிள்ளை வாரக் கூலியை மனக்கணக்காகச் சரியாகச் சொல்லும். அதற்குக் கணக்கு வராமல் இல்லை; வகுப்பறைக் கணக்கு அதை அச்சுறுத்தியிருக்கிறது.

எனவே விடை தவறும்போது "எப்படிப் போட்டாய்?" என்று கேட்பதும், யோசிக்க நேரம் தருவதும், தெரிந்த கூலிக் கணக்கிலிருந்து பாடத்தைத் தொடங்குவதும் அச்சத்தைக் குறைக்கும். வீட்டில் "நமக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதிருப்பதும் அதே அளவு முக்கியம்.