பேசி முடித்ததும் அணைந்துவிடும் கருவி



சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஹிஃப்ழு வகுப்பில் அமர்ந்திருந்தேன். பதினோரு வயது மாணவன் ஒருவன் எதிரே அமர்ந்து பழைய பாடத்தை ஒப்புவித்துக்கொண்டிருந்தான். முஸ்ஹஃபு பலகையின் மேல் விரிந்திருந்தது. அதன் அருகே என் திறன்பேசி இருந்தது. ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வாக்குவாதம். ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓதல் நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தேன். "ஹஜ்ரத், ஒரு ஆயத்த விட்டுட்டேன்னு நெனக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

அவன் குரலில் குறை கூறும் தொனி இல்லை; குழப்பமே இருந்தது. ஆசிரியர் திருத்தாமல் இருந்துவிட்டால் பிழையே பாடமாகிவிடும். ஹிஃப்ழு ஓதிக்கொடுக்கும் எவருக்கும் இது தெரியும். மனனத்தில் ஒருமுறை பதிந்த பிழையைப் பெயர்த்தெடுக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அந்தப் பிள்ளை தானாக நின்றதால் தப்பித்தான். அதற்கு முந்தைய வாரங்களில் எத்தனை பிள்ளைகள் நிற்காமல் கடந்து போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அந்த எண்ணம் உறுத்துகிறது.

பதினைந்து நாட்களில் பட்டன் போனுக்கு மாறினேன். 'பழைய காலத்துக்குத் திரும்பிவிட்டீர்களா ஹஜ்ரத்?' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், அந்தப் 'பழைய காலம்' எப்போது இருந்தது, எப்படி முடிந்தது என்பதை நானே தேடிப் பார்த்தேன். அது அவ்வளவு தொலைவில் இல்லை.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சென்னையிலும் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்னும் இரண்டு நிறுவனங்கள் அக்காலத்திலேயே உரிமம் பெற்றன. ஆனால் வரும் அழைப்புக்கும் கட்டணம், போகும் அழைப்புக்கும் கட்டணம். நம்மூர்ப் பக்கம் அதைக் கையில் வைத்திருந்தவரைக் கண்டதாக எனக்கு நினைவில்லை.

எங்களுக்குத் தொலைபேசி என்றால் மஞ்சள் பலகை தொங்கும் எஸ்.டி.டி. பூத்தான். என் மாமா தம்மாமில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அழைப்பார் என்று கடிதத்தில் எழுதியிருப்பார். பாட்டியும் அம்மாவும் நாங்களும் பூத்தின் வாசலில் காத்திருப்போம். மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ பேச்சு. அதில் பாதி நேரம் பாட்டி அழுதுவிடுவார். மீதியை அவர் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வளைகுடாவில் ஆள் இருந்த நம் வீடுகள் பலவற்றில் அப்படியொரு நாடா இன்றும் அலமாரியில் கிடக்கும். அந்த வறுமையை நான் போற்றவில்லை. பாட்டி இறந்த செய்தி மாமாவுக்கு எட்டுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மாற்றம் 2003-ல் வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கியது. அதே ஆண்டில்தான் நோக்கியா 1100 வெளியானது. தூசி புகாத விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத முதுகு, தலையில் ஒரு டார்ச் விளக்கு. வளரும் நாடுகளின் மக்களை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. மின்வெட்டுக் காலத்தில் எங்கள் மோதினார் அந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல் கதவைத் திறப்பார். காசு செலவாகாமல் செய்தி சொல்ல மிஸ்டு கால் முறையையும் நம் மக்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி அடித்தால் 'வந்து சேர்ந்தேன்', இரண்டு மணி அடித்தால் 'நீ கூப்பிடு'.

இந்த எளிய கைபேசியின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இளையோர் பலர் அறியார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது உலகின் மிகப் பெரிய கைபேசித் தொழிற்சாலைகளுள் ஒன்றாகியது. உச்சகட்டத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்தில் ஏறிச் சென்றவர்கள். நம் சட்டைப் பையில் இருந்த அந்தச் சிறு கருவியைப் பூட்டியவை அவர்கள் கைகளே.

பிறகு உலகம் திரும்பியது. 2007-ல் ஐபோன் வந்தது. தொடுதிரையின் வேகத்துக்கு நோக்கியாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. இங்கே வரி வழக்கு முளைத்தது. 2014-ல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றுவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. அங்கும் பெரும்பாலோர் நம் பெண்பிள்ளைகளே. ஆக, நாம் விட்டுவிட்ட கருவியையும் நம்மைப் பிடித்துக்கொண்ட கருவியையும் ஒரே மண்ணில்தான் செய்திருக்கிறோம்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு திரையின் அளவில் இல்லை என்பதே என் எண்ணம். பட்டன் போனை இயக்க ஒரு மனிதர் வேண்டும். உங்களை அறிந்த ஒருவர் அழைத்தால்தான் அது ஒலிக்கும். அவர் பேசி முடித்தால் அணைந்துவிடும். திறன்பேசிக்கு முடிவு என்பதே இல்லாமல் செய்யப்பட்டது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்த வேண்டிய அந்த ஒரு கணத்தில் 'போதும்' என்று எழுந்துவிட முடிந்தது. 2006-ல் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் பக்கம் தானாகவே நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். 2009-ல் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. அதே ஆண்டு ஐபோனில், செயலி மூடியிருந்தாலும் மணியடித்து அழைக்கும் அறிவிப்புமுறை வந்தது. அழைப்பவர் யாருமின்றியே கருவி நம்மை அழைக்கத் தொடங்கியது.

நம்மூருக்கு இது 2016 செப்டம்பர் 5-க்குப் பிறகே முழுமையாக வந்து சேர்ந்தது. ஜியோ அன்று தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜிபி இணையத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆனது. ஜியோ தொடங்கியபோது அது மாதக்கணக்கில் இலவசமாக இருந்தது. நம்மில் பலர் பயான் கேட்கவும் கிராஅத் கேட்கவுமே முதல் திறன்பேசியை வாங்கினோம். நானும் அப்படித்தான். நிய்யத்தில் குறையில்லை.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். காபி என்னும் பானம் யமன் நாட்டு சூஃபிகளிடம் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கும் துணையாகவே பரவியது. அது மக்காவுக்கு வந்து, கடைகள் முளைத்து, வீண்பேச்சும் ஆட்டங்களும் கூடியபோது, 1511-ல் அங்கிருந்த அதிகாரி காயிர் பேக் அறிஞர்களைக் கூட்டித் தடை விதித்தார். காபி மூட்டைகள் தெருவில் எரிந்தன. ஆனால் கெய்ரோவில் இருந்த ஆட்சி தடையை முழுமையாக ஏற்கவில்லை. குற்றம் பானத்திலா, அதைச் சுற்றிக் கூடும் கூட்டத்திலா என்பதே அன்றைய வாதம். தடை நிலைக்கவில்லை; காபி நிலைத்தது. ஆகவே திறன்பேசியை ஹராம் என்று முழங்கும் பயான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனினும் அன்றைய காபிக்கடைக்குப் போக எழுந்து நடக்க வேண்டியிருந்தது. இன்றைய கடை படுக்கையில் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அதன் விலையை நம் மாவட்டம் கண்ணால் கண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி மூன்றாண்டுகூட நிறையாத நேரம். சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுத் தொடங்கிய போராட்டம், 2022 ஜூலை 17 அன்று வன்முறையாக மாறியது. பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன, 144 தடை உத்தரவு வந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டார்கள் என்று காவல்துறை கூறியது. பிள்ளையை இழந்த வீட்டின் துயரம் வேறு; முகமறியாத குழுவில் இரவெல்லாம் ஏறிய சூடு வேறு. அன்றைய இரவு என் கைபேசிக்கும் செய்திகள் வந்தன. எதையும் விசாரிக்காமல் இரண்டை நானும் பிறருக்கு அனுப்பினேன்.

மறுபுறத்தையும் மறைக்கக் கூடாது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும்போது கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். நாம் சுற்றுலா போனால் 'அப்பாடா' என்போம். மலையிலுள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது ஓய்வு அன்று. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, இணைய வகுப்பு என்ற சொல்லுக்கே அங்குள்ள பிள்ளைகள் பலருக்குப் பொருளில்லை. அங்கே ஒரு பெரியவர் சிக்னல் கிடைக்கும் பாறையை எனக்குக் காட்டினார். பிரசவ வலி கண்டவளுக்கு 108-ஐ அழைக்க அந்தப் பாறைக்குத்தான் ஓட வேண்டுமாம். கையில் இருந்தது பட்டன் போன். "இது பேசினாப் போதும் சாமி, ஆனா பேசணுமே" என்றார். எளிய கைபேசியை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அவருக்கு அந்தத் தேர்வு இன்னும் வாய்க்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம். பட்டன் போன் வாங்க நினைப்பவர் முதலில் ஒன்றை அறிய வேண்டும்: பட்டன் இருப்பதாலேயே அது எளிய கைபேசி ஆகிவிடாது. 2017-ல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோபோனில் அடுத்த ஆண்டே வாட்ஸ்அப் ஏறியது, யூடியூபும் வந்தது. கடையில் கேட்டு, அவை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஜியோ சிம் பழைய 2ஜி கைபேசியில் இயங்காது. அதற்கு 4ஜி பட்டன் போன் வேண்டும். வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தியாக எதிலும் வரும். பணம் அனுப்ப, இணையமில்லாத கைபேசிகளுக்கென 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே இருக்கிறது. குரல் வழியே எண்களை அழுத்தி அனுப்ப வேண்டும். பொறுமை வேண்டும், மளிகைக்கடையில் பின்னால் நிற்பவருக்கும் வேண்டும். நான் இப்போது பையில் சில்லறை வைத்துக்கொள்கிறேன். தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசல் அட்டவணை, ஓதுவதற்கு முஸ்ஹஃபு. இவை இரண்டையும் செயலியில் தேடத் தொடங்கியதே எனக்கு முதல் வழுக்கலாக இருந்தது.

பழைய திறன்பேசியை நான் விற்கவில்லை. அது வீட்டு அலமாரியில் இருக்கிறது. மகளின் பள்ளிக் குழுவுக்காக என் மனைவி மாலையில் ஒருமுறை திறந்து பார்ப்பார். முதல் பத்து நாட்கள் கை தானாகவே சட்டைப் பையைத் தடவியது. பேருந்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு ஜனாஸா அறிவிப்பு குழுவில் மட்டும் வந்து, எனக்குத் தெரியாமலே அடக்கம் முடிந்துவிட்டது. அந்த வீட்டாரின் முகத்தை எதிர்கொள்வது கடினமாக இருந்தது. இப்போது மோதினாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மவுத்துச் செய்தி என்றால் அழைத்துவிடுகிறார்.

தனியொருவர் மாறுவதைவிட ஊர் சேர்ந்து மாறுவது எளிது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யான்சே வட்காவ் என்னும் சிற்றூரில் 2022 முதல் மாலை 7 மணிக்குச் சங்கு ஒலிக்கிறது. அடுத்த ஒன்றரை மணி நேரம் கைபேசியும் தொலைக்காட்சியும் அணைந்திருக்க, பிள்ளைகள் படிக்கிறார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ அதே அளவுதான். என் அத்தா காலத்தில் அந்த நேரத்தில் நம் தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் பிள்ளைகள் ஓதும் ஓசை கேட்கும். நமக்குச் சங்கு தேவைப்பட்டதில்லை; பாங்கே இருந்தது. இந்த நேரத்தை மீண்டும் ஒதுக்க முடியுமா என்று ஜமாஅத்தில் கேட்டிருக்கிறேன். தலைவர் யோசிப்பதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஒரு செய்தி வந்தது.

திறன்பேசி மேசையில் கிடந்தாலே, அணைந்திருந்தாலும், கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் படித்தேன். ஓதல் பலகையின் மேல் இப்போது முஸ்ஹஃபு மட்டும் இருக்கிறது. அந்த மாணவன் பதினேழாவது ஜுஸ்வில் இருக்கிறான். தட்டுத் தடுமாறும் இடங்கள் நிறைய உண்டு. பழைய பாடத்தை முதலிலிருந்து மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.